மோப்பக்கார டீச்சர்

நாரோக் பக்கம் எங்கள் பள்ளியில் ரெசியான் டீச்சருக்கு ஊர் வைத்த பெயர் மோப்பக்காரி. டிசம்பர் விடுமுறையில்தான் பெண் பிள்ளைகளின் உறுப்பை வெட்டுகிற சடங்கு நடக்கும். சட்டம் தடுத்த பிறகு சத்தமில்லாமல் நடக்கிறது. நவம்பர் பிறந்தால் போதும், அம்மணி வீடு வீடாக மூக்கை நுழைப்பார்.

போன வருடம் அந்த மூக்கு உடைந்தது. நோலாரியின் மகள் சிமலோய் தலையை மழித்துக்கொண்டு வந்தாள். சடங்குக்கு முன்னால் மழிக்கிற மொட்டைதான் என்று டீச்சர் போலீசோடு போய் இறங்கிவிட்டார். அங்கே பார்த்தால், பெரியப்பா செத்த துக்கத்தில் வீடே மொட்டை!

"என் தலையையும் தடவிப் பாருங்க டீச்சரம்மா, எனக்கும் சடங்குதான்!" என்றான் நோலாரியின் புருஷன். நோலாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கதை பரவி, சந்தையே சிரித்தது. நானும்தான். கணக்கு வாத்தியாருக்கு வேறென்ன வேலை?

இந்த வருடம் சிமலோய் தன் ஸ்கேலையும் ஸ்கிப்பிங் கயிற்றையும் தோழிக்குக் கொடுத்துவிட்டாள். "லீவு முடிஞ்சா நான் பெரிய பொம்பள. உங்களோட விளையாட மாட்டேன்."

"மறுபடியும் மொட்டையா டீச்சர்?" என்று சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் சிமலோயைத் தனியே உட்கார வைத்து, லீவுக்கு யார் வருகிறார்கள் என்று மட்டும் கேட்டார்.

"மலைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு அம்மா. டீச்சர், வலிக்குமா?"

"வலிக்கும் கண்ணு. உனக்கு வேணுமா?"

தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

இந்தத் தடவை டீச்சர் வீட்டுப் பக்கமே போகவில்லை. அப்பனுக்கு வாடை தட்டினால் பெண்ணோடு மலை தாண்டிவிடுவான். குழந்தைகள் நல அதிகாரிக்கு போன் போட்டார். அதிகாரி வந்து, அன்று மாலையே சிமலோயைப் பள்ளி விடுதியில் தங்க வைத்தார்.

மூன்றாம் நாள் காலையில் நோலாரி விடுதி வாசலில் நின்றாள். சண்டைதான் என்று நான் குறுக்கே போனேன்.

"தள்ளுங்க வாத்தியாரே, உங்களையா பாக்க வந்தேன்?" முதுகுக்குப் பின்னாலிருந்து எட்டு வயதுச் சின்ன மகளை இழுத்து டீச்சர் முன் நிறுத்தினாள். "வெட்ட வந்தவள வெறுங்கையோட அனுப்பக் கூடாதுங்கறார் இவ அப்பா. பெரியவ இல்லேன்னா சின்னவளாம். இவளையும் வச்சுக்குங்க."

டீச்சர் சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டார். "அன்னிக்கு அப்படிச் சிரிச்சியே, நோலாரி?"

"சிரிக்காம? பக்கத்துல அவர் நின்னாரே! நீங்க இனிமே வரவே மாட்டீங்களோன்னு வருஷம் முழுக்கப் பயந்து செத்தேன்."

நானும்தான் சிரித்தேன். என் பக்கத்தில் யார் நின்றார்கள்?