எரவல் கரண்டு

போன ஞாயிற்றுக்கிழமை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு காபிக் கடையின் மாடியில் உட்கார்ந்திருந்தேன். அங்கே நடந்த அட்டை விளையாட்டுப் போட்டியில் என் மகள் ஆடிக்கொண்டிருந்தாள். மிருகங்களும் மந்திரங்களும் அச்சடித்த அட்டைகளை ஒருவர் இறக்க, எதிராளி தன் அட்டையால் அதை வீழ்த்த வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆட்டத்தின் நடுவில் மின்சாரம் போனது. கண் சிமிட்டும் நேரம்தான், இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. யாரும் தலை நிமிரவில்லை. என் வலது கை மட்டும் தானாக நீண்டு, மகளின் மின்னல் பல்லி அட்டையைக் கவிழ்க்கப் போயிருந்தது. "அப்பா, என்ன பண்றீங்க?" என்று தட்டிவிட்டாள்.

அட்டைகளுக்குப் புது உறை மாட்டியிருந்தாள். அந்தப் பிளாஸ்டிக் வாசனை காலையிலிருந்தே என்னை எங்கள் ஊரான இளம்பிள்ளைக்கு இழுத்துக்கொண்டிருந்தது. கை நீண்டதற்கு அதையும் ஒரு காரணமாகச் சொல்லலாம்.

எனக்குத் தேதி முக்கியம். பேருந்துச் சீட்டின் பின்னால்கூட நாள் குறித்து வைக்கிற ஆள். வீட்டில் இதை வியாதி என்கிறார்கள். ஆனால் நான் போன முதல் போட்டிக்கு மட்டும் என்னிடம் தேதி இல்லை. சுற்றிவளைத்துத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. மின்வெட்டு கடுமையாக இருந்த வருடங்களில் ஒன்று. தீபாவளிச் சேலை மூட்டைகள் லாரி ஏறிக்கொண்டிருந்த சமயம். கூட்டாளி தனபாலுக்கு மீசை அரும்பவில்லை. ஆகவே எட்டாம் வகுப்பைத் தாண்டியிருக்க முடியாது. இதற்கு மேல் ஆதாரம் இல்லை.

தனபால் வீட்டில் விசைத்தறி ஓடியது. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் ஓடியது. கரண்டு போனால் அத்தனை தறிகளும் ஒரே நொடியில் நிற்கும். அந்த அமைதியில் முதலில் காது அடைத்துக்கொள்ளும். பிறகு யார் வீட்டுக் குழந்தையோ அழுவது கேட்கும். அதற்குள் நாங்கள் அட்டைகளோடு வாசலுக்கு வந்திருப்போம். தனபாலின் அக்கா கலைவாணியும் வருவாள். ப்ளஸ் டூ முடித்துவிட்டு, நெய்த சேலைகளை மடித்துக் கவரில் போட்டு, சீலிங் மெஷினில் ஓரம் ஒட்டுவது அவள் வேலை. மெஷினுக்கும் கரண்டு வேண்டுமே.

அட்டைப் பெட்டியோடு வந்த விதித்தாள் எறும்பு ஊர்ந்தது போன்ற ஆங்கிலத்தில் இருந்தது. அதைப் படிக்கப் பொறுமையில்லாமல் நாங்களே ஆடத் தொடங்கினோம். சண்டை வந்தபோது அக்கா தீர்ப்புச் சொன்னாள். அவள் சொன்னதெல்லாம் விதியானது. மழை பெய்தால் நீர் மிருகங்களுக்கு இரட்டைப் பலம். கரண்டு போனால் மின்சார மிருகங்களைக் கவிழ்த்துவிட வேண்டும். வந்த பிறகுதான் நிமிர்த்தலாம். எங்களுக்கு இது மிக நியாயமாகத் தோன்றியது. சிக்கல் என்னவென்றால், நாங்கள் ஆடுவதே கரண்டு போனபோதுதான். ஆகவே மின்சார அட்டைகள் யாருக்கும் வேண்டாதவையாகி, ஒவ்வொன்றாக அக்காவிடம் போய்ச் சேர்ந்தன. காலிச் சேலைப் பெட்டி ஒன்றில் அவற்றைப் போட்டு வைத்தாள். ஒருநாளும் அவற்றை வைத்து ஆடியதில்லை. அவளுக்கு நேரம் இருக்கும்போது அவற்றுக்கு உயிர் இருக்காது.

ஒருமுறை தனபால் ஆட்டத்தைத் தெருமுனைப் பெரிய தறிக்கூடத்து வாசலுக்கு மாற்றினான். அங்கே ஜெனரேட்டர் உண்டு.

"இங்க கரண்டு இருக்குதல்ல, என் மின்னல் பல்லி எந்திரிக்கும்" என்றான்.

"அது எரவல் கரண்டு. செல்லாது" என்றாள் அக்கா.

அந்தத் தீர்ப்புக்காக அவன் அக்காவோடு பேசாமல் திரிந்தான்.

இப்படி இருக்கையில்தான் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஸ்டேஷனரிக் கடைக்கார அண்ணன் சேலத்தின் முதல் போட்டி என்று நோட்டீஸ் ஒட்டினார். விதிகளைப் பெரிய எழுத்தில் ஜெராக்ஸ் எடுத்தும் கொடுத்தார். அக்கா அதை வாசித்துச் சொல்லச் சொல்ல எங்கள் முகம் சுண்டியது. மழை பற்றி ஒரு வரி இல்லை. மின்வெட்டு இல்லை. மிருகங்களிலேயே பலம் மிகுந்தவை மின்சார மிருகங்கள்.

தனபால் தணிந்த குரலில் தொடங்கினான். "அக்கா, அந்தப் பொட்டி..."

"எதுக்குச் சாமி? வேண்டாம்னு குடுத்தது நீங்கதான. நானே வாரேன்."

தனபாலின் அப்பாவிடம் கேட்க வேண்டியிருந்தது.

"சேலம் போயி சீட்டாடறதா? ஊர் என்னத்தப் பேசும்?"

"சீட்டில்லீங்கப்பா, அட்டை. காசெல்லாம் கட்டறதில்லீங்க."

"காசு கட்டாம எதுக்குச் சீட்டாடறது?" என்று கேட்டார். கடைசியில், "சனிக்கெழமைக்குள்ள மூட்டை கட்டி முடிச்சா எங்கியோ போங்க" என்றார்.

அந்த வாரம் நானும் தனபாலும் சேலை மடித்தோம். மடித்ததை அக்கா பிரித்து மறுபடி மடித்தாள். மீந்த கவர்களை அட்டை அளவுக்கு வெட்டி, மெஷினில் அழுத்தி உறை செய்தாள். சூடான பிளாஸ்டிக் வாசனை விரலில் ஏறிக் குளித்தாலும் போகாது. எல்லா உறையும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது விதி. கடைப் பெயரின் சிவப்பு மை ஒரு புள்ளி பட்டிருந்தாலும் ஒதுக்கிவிடுவாள். கரண்டு போன வேளைகளில் புது விதிப்படி பழகினோம். பழக்கத்தில் எங்கள் கை அவளுடைய மின்சார அட்டையைக் கவிழ்க்கப் போகும். அக்கா ஸ்கேலால் விரலில் ஒன்று வைப்பாள். "ஃபேர்லேண்ட்ஸ் ரூலுடா."

கடை மாடியில் நடந்த போட்டியில் நானும் தனபாலும் வந்த வேகத்தில் தோற்றோம். அக்கா தோற்கவில்லை. கண்ணாடி போட்ட கல்லூரிப் பையன் ஒருவன் எதிரே வியர்த்துக்கொண்டிருக்க, அவளுடைய மின்சார மிருகங்கள் வரிசையாக நின்றன. அடுத்து அவள் முறை வந்தால் ஜெயித்துவிடுவாள். அப்போது விளக்கு அணைந்தது.

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்கா எந்த யோசனையும் இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக, எல்லாவற்றையும் கவிழ்த்தாள். கீழே ஜெனரேட்டர் உறுமி வெளிச்சம் வந்தது.

"ஏன் கவுத்துட்டீங்க?" என்றார் கடைக்கார அண்ணன்.

"கரண்டு போயிருச்சுங்களே."

விஷயம் புரிந்ததும் கூடமே சிரித்தது. அண்ணனும் சிரித்துக்கொண்டே, "பரவால்ல, நிமித்திக்குங்க. இப்பத்தான் வந்திருச்சே" என்றார். அக்காவின் கை அட்டை மேல் போனது. பிறகு தனபாலைப் பார்த்தாள்.

"அக்கா, இது அவங்க ரூலு, நிமித்துக்கா" என்று அவன் கெஞ்சினான்.

"எரவல் கரண்டுடா. இன்னைக்கு நிமித்துனா, பழைய கேசெல்லாம் நீ மறுபடி எடுப்பே."

கையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாடிப் பையன் தயங்கித் தயங்கி ஜெயித்தான். திரும்பி வரும் பேருந்தில் தனபால்தான் அழுதான். அக்கா அந்தப் பெட்டியை மடியில் வைத்து, உறைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மகள் தட்டிவிட்ட கையோடு, போன ஞாயிறு சாயங்காலமே அக்காவைப் போனில் கூப்பிட்டேன். இப்போது அவள் வீட்டில் சொந்தமாகத் தறிகள் இருக்கின்றன. நடந்ததைச் சொன்னேன்.

"இன்வெர்ட்டரா?" என்றாள்.

"ஆமாங்க்கா."

"செல்லாது."

அவள் சிரிப்புக்குப் பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவேளை நிற்குமோ என்று, பேச்சு முடிந்த பிறகும், அவள் துண்டிக்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். நிற்கவில்லை. அவை எல்லாம் ஒன்றாக நின்று, அந்த அமைதியில் காது அடைத்துப்போன கடைசி நாள் எதுவென்று என்னிடம் குறிப்பு இல்லை.