கோழி ஷெட்டிலிருந்து வந்த பதில்

சாக்கடையிலிருந்துதான் என் சாட்சியைத் தொடங்க வேண்டியிருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டாவது கேளுங்கள், பிரியமானவர்களே.

பல்லடத்தில் எங்கள் தெருவுக்குத் தார் போடப் போட ரோடு உயர்ந்தது, வீடு பள்ளமானது. போன தீபாவளி கழிந்து பெய்த மழையில் சாக்கடைத் தண்ணீர் படுக்கையறை வரை வந்துவிட்டது. சீ, சொல்லும்போதே குமட்டுகிறது. தண்ணீர் வடிந்து பஞ்சு மெத்தையைத் தூக்கினால் அடியில் புழு நெளிந்தது. வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

அப்போது என் வீட்டுக்காரர் நுரையீரலில் சளி கட்டி, கோயமுத்தூரில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகன் கூட இருந்தான். "ஈரமும் பூஞ்சையும் இருக்கிற வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். மறுபடி வந்தா தாங்க மாட்டார்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். எங்களுக்கு வேறு போக்கிடமும் இல்லை.

பினாயிலைக் கொட்டினேன். பெயிண்டர் ஒருவர், "ஒரு கோட் அடிச்சுப்போட்டா தெரியாதுங்க" என்றார். அடித்தோம். ஒரு வாரத்துக்குள் பெயிண்ட் கொப்பளித்து உரிந்து, கறுப்புப் பூஞ்சை எட்டிப் பார்த்தது. என் சேலையில், தலைமுடியில், தின்கிற சோற்றில்கூட அந்த நாற்றம். "ஆண்டவரே, இந்த நாற்றத்தை எடுத்துப்போடும். அவர் இங்கே வந்து மூச்சு விட வேண்டும்" என்று தரையில் விழுந்து அழுதேன். அந்தத் தரை மேல் விழவும் அருவருப்பு. சாக்கு விரித்துத்தான் விழுந்தேன்.

சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் ஜெபிக்கச் சொல்லிப் போட்டேன். எல்லாரும் கைகூப்பும் படம் அனுப்பினார்கள். எஸ்தரக்கா மட்டும் மினி வேனில் வந்து இறங்கினார்.

எஸ்தரக்காவுக்குக் கோழிப்பண்ணை. எவ்வளவு சென்ட் அடித்தாலும் எச்ச வாடை கூடவே வரும். ஆராதனையில் அவர் பக்கத்தில் வந்தால், பாட்டுக்கு எழும் சாக்கில் நான் இடம் மாறிவிடுவேன். வேனில் இருந்தவை பண்ணையின் பெரிய ஃபேன்கள். கழுவித்தான் கொண்டுவந்திருந்தார், ஆனாலும் அந்த வாடை! ஓடவிட்டதும் ஒரு இறகு பறந்து ஈரச் சுவரில் ஒட்டியது. சாக்கடைக்குப் பதில் கோழி எச்சமா ஆண்டவரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க அம்மணி, ஈரத்த உள்ள வெச்சு பெயிண்ட் அடிச்சா அது எங்கீங்க போகும்? செவுத்துப் பூச்சக் கொத்தி எடுக்கோணும். நேத்துத்தான் வளந்த கோழியெல்லாம் விக்கறதுக்கு ஏத்தி உட்டமுங்க. அடுத்த குஞ்சு வர்ற வரைக்கும் ஷெட்டு காலி, ஃபேன் சும்மாதான் கெடக்குது. மூஞ்சியச் சுளிக்காம ஜன்னலத் தொறங்க."

நேற்றுத்தான்! அதற்கு முன்னால் ஃபேனை எடுத்திருந்தால் அத்தனை கோழியும் புழுங்கிச் செத்திருக்கும். இந்த நேரத்தை யார் குறித்தது?

ஆள் வைத்துச் செங்கல் தெரியக் கொத்தினோம். ராத்திரி பகலாகக் காற்று ஓடியது. பூச்சைப் பிறகு பார்ப்போம் என்று, உலர்ந்த செங்கல் மேலேயே சுண்ணாம்பு அடித்து, தரையை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம். குஞ்சு வருகிறதென்று எஸ்தரக்கா ஃபேன்களை ஏற்றிப் போன அன்றே டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதினார்.

என் வீட்டுக்காரர் அறைக்குள் வந்து நின்றார். நான் அவர் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆழமாக மூச்சை இழுத்தார். இருமல் வரவில்லை. "சுண்ணாம்பு வாசம் நல்லாருக்குது" என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டார். சுவரில் கை வைத்துக்கொண்டு அழுதேன்.

நீங்களும் கேளுங்கள், ஆண்டவர் தருவார். பதில் எந்த வாடையோடு வர வேண்டும் என்று மட்டும் அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். இப்போது நான் எஸ்தரக்கா பக்கத்தில்தான் உட்காருகிறேன். உள்ளதைச் சொல்கிறேன், இன்னும் குமட்டத்தான் செய்கிறது. எழுந்து போவதில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர் மூச்சு வாங்காமல் பாடுவது கேட்கிறது. என் ஆண்டவருக்கே ஸ்தோத்திரம்.