முசியேயின் கீபோர்ட்

கடையின் கண்ணாடி மேசைக்குக் கீழே, பழைய சார்ஜர்களைப் போட்டுவைக்கும் லாச்சிக்குள் ஒரு போன் கிடக்கிறது. ஒரு மூலையில் கண்ணாடி வெடித்திருக்கிறது. வெடிப்பின் மேல் அதை வைத்திருந்தவர் ஒட்டிய செலோடேப் மஞ்சளாகிவிட்டது. காலையில் ஷட்டரைத் தூக்கி, விளக்கைப் போட்டு, சாமிப்படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தியதும் அதைத்தான் வெளியே எடுப்பேன். எடுக்கும்போது சற்றுச் சூடாக இருக்கும். சார்ஜில் கிடக்கும் போன் சூடாகத்தான் இருக்கும், இத்தனை வருடம் போன் கடையில் நின்றவளுக்கு அது தெரியாததல்ல. என்றாலும் அதன் சொந்தக்காரர் போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. யாரோ இப்போதுதான் கையிலிருந்து கீழே வைத்ததுபோல அது சூடாக இருப்பது எனக்குப் பிடிப்பதில்லை.

பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் சனத்தின் கடைத்தெரு லா சப்பல்; அங்கே கடைக்கு வரும் வெள்ளைக்கார ஆண்கள் எல்லோரும் எங்களுக்கு முசியேதான், ஐயா என்பதுபோல. ஆனால் எங்கள் கடையில் அந்தச் சொல் மெல்ல மெல்ல அவர் ஒருவருக்கே உரியதாகிவிட்டது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பழைய கட்டடம் ஒன்றில் தனியாக இருந்தார். துனிசியாவில் பிறந்த யூதர். சின்ன வயதில் குடும்பத்தோடு இங்கே வந்து, துணி மொத்தக் கடையில் பில் தட்டியே முதுமை அடைந்தவர். எனக்கு ஆட்களோடு பேசக் கூச்சம். கடைக்கு வருகிறவர்களின் கையைப் பார்த்துத்தான் பேசுவேன். அதனால் அவருடைய முகத்தைவிட விரல்கள்தான் எனக்கு நன்றாக ஞாபகம். நகம் ஒட்ட வெட்டிய, நீளமான, மேசையில் சும்மா இருக்கும்போதும் எதையோ தட்டிக்கொண்டே இருக்கும் விரல்கள்.

முதல் நாள் அவர் போனை மேசையில் வைத்து, தன் தங்கைக்கு ஹீப்ருவில் எழுத வேண்டும் என்றார். தங்கை இஸ்ரேலின் வடக்கில் ஒரு சிறிய ஊரில் இருந்தார். காது அறவே கேட்காது, ஆகவே போனில் பேச முடியாது. அண்மையில் மூளையில் இரத்தம் கட்டிப் படுத்து எழும்பியபோது பிரெஞ்சு முழுவதும் அவருக்கு மறந்துபோயிருந்தது. ஹீப்ரு மட்டும் மிஞ்சியது. முசியேக்கு அந்த மொழி வாசிக்கவும் கையால் எழுதவும் தெரியும். ஆனால் போனில் உள்ள ஹீப்ரு கீபோர்டில் எழுத்துகள் அவருக்குப் பழக்கமில்லாத இடங்களில் இருந்தன. ஒரு சொல்லைத் தேடித் தட்டி முடிப்பதற்குள் அவருடைய கண்ணில் நீர் வந்துவிடும். "என் விரலுக்குத் தெரிந்தது பிரெஞ்சு வரிசை மட்டும்தான், மதாம். அது இனி வேறொன்றைப் பழகாது" என்றார்.

கடைச் சொந்தக்காரர் எனக்குத் தூரத்து உறவு, அண்ணை என்று கூப்பிடுவேன். அவர் உள்ளே இருந்து எட்டிப் பார்த்துத் தமிழில், "உது எங்கடை வேலை இல்லை எண்டு சொல்லி அனுப்பு தங்கச்சி" என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் என்னுடைய போனை எடுத்து, அதில் பிரெஞ்சு எழுத்துகளில் அம்மா என்று தட்டிக் காட்டினேன். திரையில் தமிழில் அம்மா வந்தது. நாங்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறோம். தமிழ் கீபோர்டைக் கண்ணால் கண்டிராத ஆட்கள்கூட இரவு பகலாகத் தமிழில் செய்தி அனுப்புவது இந்த வழியில்தான். முசியே போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒலியைத் தட்டினால் எழுத்து வருகிறது என்பது அவருக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. தேடிப் பார்த்தேன், ஹீப்ருவுக்கும் அப்படி ஒன்று இருந்தது. ம வேண்டுமென்றால் எம்மைத் தட்டலாம், ல வேண்டுமென்றால் எல். ஷ என்ற ஒலிக்கு மட்டும் இரட்டை வே என்று பிரெஞ்சில் சொல்லும் டபிள்யூ. "சரிதானே, எழுதினால் இரண்டு எழுத்துக்கும் மூன்று கால்" என்று அவரே சிரித்தார்.

அதைப் போனில் ஏற்றும்போது எச்சரிக்கை ஒன்று வந்தது. நீங்கள் தட்டும் ஒவ்வொன்றையும் இந்தக் கீபோர்ட் வாசிக்கக்கூடும், சேர்த்து வைக்கக்கூடும் என்று. வழமையாக ஆட்கள் வாசிக்காமலே சரி என்று அமத்திவிடுவார்கள். ஆனால் போனைப் பறித்துப் பார்க்கும் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தவள் நான், என்னால் அப்படி அமத்த முடியவில்லை. அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "வாசிக்கட்டும். வாசிக்க யாராவது இருக்கட்டும்" என்றார். அன்று அது எனக்கு ஒரு பகிடியாகத்தான் பட்டது.

அதன் பிறகு அநேகமாக ஒவ்வொரு காலையும் வருவார். வீட்டிலிருந்தே அனுப்பலாம்தான். ஆனால் கடைக்கு வந்து, மேசையில் முழங்கையை ஊன்றி, என் முன்னால் நின்று அனுப்புவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. எழுத்துகள் வலமிருந்து இடமாக ஓடும். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் முகத்தைத் திருப்பாமலே பின்பக்கமாக நடந்து போவதுபோல இருக்கும். என்ன எழுதுகிறீர்கள் என்று ஒருநாள் துணிந்து கேட்டேன். "கம்தி" என்றார். எழும்பிவிட்டேன் என்று அர்த்தமாம். தங்கையிடமிருந்து உடனே பதில் வரும், நானும் என்று. சிறு பிள்ளைகளாக ஒரே அறையில் படுத்த காலத்தில் கண் விழித்ததும் இருவரும் சொல்லிக்கொண்டதும் இதுதானாம். அதற்குப் பிறகு அவர் வேறு சில சொற்களும் தட்டுவார். அவற்றை நான் கேட்கவில்லை.

பிறகு அந்த நாட்டில் சண்டை தொடங்கியது. வடக்கில் சைரன் ஊதுகிறது என்று கடையின் தொலைக்காட்சியில் சொன்னார்கள். முசியே அதைக் கேட்டபடி நின்றார். "அவளுக்குச் சைரன் கேட்காது, மதாம்" என்றார். அவ்வளவுதான். வேறு நாட்டுப் பெண் ஒருத்தி கூட இருந்து பார்த்துக்கொள்கிறாள், அவள்தான் கையைப் பிடித்து நிலவறைக்குக் கூட்டிப் போகிறாள் என்று பிறகு சொன்னார். அந்த நாட்களில் காலைச் செய்தி போய், அனுப்பியாயிற்று என்று காட்டும் ஒற்றைக் கோட்டோடு நின்றுவிடும். அங்கே போய்ச் சேர்ந்தது என்ற இரண்டாவது கோடு விழும்வரை அவர் விரல்கள் மேசையில் தட்டிக்கொண்டே இருக்கும். நான் வன்னியிலிருந்து வந்தவள். அங்கே சண்டை முடிந்து முகாமுக்குள் இருந்த காலத்தில், அணைந்துபோன என்னுடைய நம்பருக்கு இங்கே இருந்த என் அக்கா நாளும் அடித்துக்கொண்டே இருந்தாள். அடிக்கிறதை விட்டிருந்தால் நீ செத்துப்போனாய் எண்டு நானே சொன்ன மாதிரி ஆகியிருக்கும் என்று பிறகொரு நாள் சொன்னாள்.

மாரி தொடங்கியபோது முசியே வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு தாதி கடைக்குப் போன் எடுத்தாள். அவர் கொடுத்தது எங்கள் நம்பர்தானாம். கூச்சத்தோடு போனேன். நெஞ்சுக்குள் நீர் கட்டி, மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். போனை என் கையில் வைத்து, திறக்கும் எண்ணைச் சொன்னார். "அவளுக்கு என் சாவைத் தாங்கும் தெம்பில்லை. ஒவ்வொரு காலையும் ஒரு வரி. தட்ட உங்களுக்குத் தெரியும்." எவ்வளவு காலத்துக்கு என்று கேட்க வாய் வரவில்லை, ஆனால் அது அவருக்கு விளங்கிவிட்டது. "அவளுடைய பக்கத்தில் பதில் தானாக நிற்கும். அதுவரை நீங்கள் நிறுத்தக்கூடாது" என்றார். நான் ஓம் என்று தமிழில் சொல்லிவிட்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது.

அவரை அடக்கம் செய்த காலையிலும் அனுப்பினேன். எழும்பிவிட்டேன். நானும் என்று பதில் வந்தது, அந்தச் சொல்லின் வடிவம் எனக்குப் பழகியிருந்தது. நல்ல காரியம் ஒன்றைச் செய்வதாகத்தான் நினைத்தேன். பயம் பிறகுதான் வந்தது, அதுவும் கீபோர்டிலிருந்து. அது அவருடைய பழக்கத்தைச் சேர்த்து வைத்திருந்தது. கம்தி என்று தட்டி முடித்ததும், மேலே உள்ள வரியில் அவர் அடுத்ததாக எழுதும் சொற்களைத் தானாக எடுத்து நீட்டும். எனக்கு வாசிக்கத் தெரியாத சொற்கள். அவர் இல்லை, அவர் சொல்ல வந்தது மட்டும் காலைக்குக் காலை வந்து நின்றது. நான் அவற்றைத் தொடாமல் கவனமாக அனுப்புவேன். ஒருநாள் கடையில் சனம் நின்ற அவசரத்தில் விரல் பட்டுச் சொல்லொன்று சேர்ந்து போய்விட்டது. அண்ணன் புதிதாக ஒன்று சொன்னால் தங்கை ஏதும் கேட்கத்தானே வேண்டும். ஆனால் வந்த பதில் நானும் என்பது மட்டும்தான். மறுநாளும் அதேதான். அதன் பிறகு பழைய செய்திகளை மேலே தள்ளிப் பார்த்தேன். முசியே இருந்த காலத்தில் தங்கையின் பதில்கள் நீண்டும் குறுகியும் இருந்தன. பிறகு எங்கோ ஒரு காலையிலிருந்து அந்த ஒரு வரியைத் தவிர வேறெதுவும் இல்லை.

சில கிழமைகளுக்கு முன்னர் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. காது கேளாதவரிடமிருந்து குரல் பதிவு. கடையில் அண்ணையும் நானும் மட்டும் நின்றோம். அமத்தினேன். ஒரு பெண், தங்கையைப் பார்த்துக்கொள்கிறவளாகத்தான் இருக்க வேண்டும், யாரோ வேறொருவரோடு பேசிக்கொண்டிருக்கிறாள். தெரியாமல் விரல் பட்டுப் பதிவாகியிருக்க வேண்டும். அவள் பேசியது சிங்களம். எனக்கு அந்த மொழியில் தெரிந்ததெல்லாம் முகாமில் காதில் விழுந்த சொற்கள். கம்பி வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று பெயர் கூப்பிடுவார்கள், ஆள் இல்லாவிட்டால் நே என்பார்கள். பதிகிற இடத்தில் லியன்ன, லியன்ன என்று பேனையை நீட்டுவார்கள், எழுது, எழுது என்று. அதே சொற்கள், இப்போது களைத்த, கோபமில்லாத ஒரு குரலில் வந்தன. "அம்மா தென் நே. மம தமய் லியன்னே." அம்மா இப்போது இல்லை. நான்தான் எழுதுகிறேன். இரண்டாம் தரம் கேட்பதற்கிடையில் அந்தப் பதிவு என் கண் முன்னாலேயே அழிந்தது. அழிக்கப்பட்டது என்ற ஒரு வரி மட்டும் மிஞ்சியது.

அண்ணை கொழும்பில் வேலை செய்தவர், சிங்களம் நன்றாகத் தெரியும்; முழு அர்த்தத்தையும் சொன்னது அவர்தான், தாங்கள் பார்த்துக்கொள்ளும் வயதான மனிசியை அவர்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவார்களாம். எதையும் பகிடியாக்கிவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான் தொடங்கினார்.

"அப்ப செத்துப்போன ரெண்டு பேர் காலமை காலமை சுகம் விசாரிக்கினம். நல்ல குடும்பம்."

"பகிடி விடாதையுங்கோ அண்ணை."

"பின்னை என்ன, நிப்பாட்டன். நீ நிப்பாட்டினா அவளும் நிப்பாட்டுவாள்."

"அந்தப் பக்கம் நிண்டால்தான் நான் நிப்பாட்டலாம். அவர் அப்பிடித்தான் சொன்னவர்."

"அந்தப் பிள்ளைக்கும் அந்த மனிசி உதையேதானே சொல்லியிருக்கும்?" என்று கேட்டவர், தானே அதைக் கேட்டுக்கொண்டதுபோல என் கையிலிருந்த போனைப் பார்த்தார். பிறகு, சிரிப்பில்லாமல், "நாளைக்கு உனக்கு ஏதும் நடந்தா இதை ஆர் தங்கச்சி அனுப்புறது? என்னைக் கேக்காதை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண்ணுக்கு உண்மையை எழுதலாம் என்று யோசித்ததுண்டு. எந்த மொழியில் எழுதுவது என்பது ஒருபக்கம். எழுதினால், அவள் பராமரித்த அந்த அம்மாவுக்கு, செத்த பிறகும், அண்ணனின் சாவை நான் சொல்வதாகும், அவள் எனக்குச் சொல்லாமல் அழித்ததை நான் அவளுக்குச் சொல்வதாகும். நிறுத்தினாலும் அதேதான். அங்கே அவளும் ஒரு மேசைக்கு முன்னால் நின்று, இரண்டாவது கோடு விழும்வரை விரலால் தட்டிக்கொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அவளுடைய முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கையை மட்டும் ஓரளவு நினைத்துப் பார்க்க முடிகிறது.

இன்று காலையும் ஷட்டரைத் தூக்கினேன். மேலே பாலத்தில் மெற்றோ போன அதிர்வில் லாச்சிக்குள் சார்ஜர்கள் ஒன்றோடொன்று உரசின. போனை எடுத்தேன், சூடாக இருந்தது. ஒரு எழுத்தைத் தொட்டதும் கீபோர்ட் அவருடைய அந்த வரி முழுவதையும் எடுத்து நீட்டியது, முன்பு அது இவ்வளவு விரைவாக நீட்டியதில்லை. நான் அதைத் தொடாமல் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, எழும்பிவிட்டேன் என்று அனுப்பினேன். ஒரு கோடு விழுந்தது. வெகுநேரம் ஒற்றைக் கோடாகவே நின்றது. என் விரல் மேசையில் தட்டிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கண்டேன். பிறகு இரண்டாவது கோடு விழுந்தது, உடனேயே பதிலும் வந்தது.

நானும்.