சத்தம் வராத கீபோர்டு

கம்ப்யூட்டரை விற்பது சுலபம், அதோடு போகிற கீபோர்டையும் ஸ்பீக்கரையும் விற்பதுதான் கஷ்டம்; பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் விரலும் காதும் எல்லோருக்கும் சொந்தமாக இருக்கின்றன.

தொண்ணூறுகளின் பிற்பாதியில், தி.நகரில், பாண்டி பஜாரிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தெருவில், மாடியில் இருந்த கம்ப்யூட்டர் கடையில் நான் விற்பனைப் பெண். பின்னறையில் ரிப்பேர் பார்க்க பஷீர் பாய். முதலாளி எப்போதும் எங்கேயோ கிளம்பிக்கொண்டிருப்பார். நாள் முழுக்க நின்று கால் வீங்கிய கடைக்காரர்கள் யாராவது இதைப் படித்தால், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கள். இது நம்ம கதை.

அப்போது கீபோர்டில் இரண்டு ரகம். பழைய ரகத்தில் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே ஒரு ஸ்பிரிங் இருக்கும்; நல்ல கனம், அடித்தால் டக் டக் என்று அடுத்த வீடு வரைக்கும் கேட்கும். புதிதாக வந்த ரகத்தில் எல்லா எழுத்துக்கும் சேர்த்து ஒரே ரப்பர் ஷீட். லேசானது, சத்தமே வராது. "ரெண்டுல எதும்மா நல்லது?" என்று கேட்பார்கள். சாம்பார் நல்லதா ரசம் நல்லதா என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? அதையேதான் நானும் சொல்வேன்: "உட்கார்ந்து பாருங்க, உங்களுக்கே தெரியும்."

இடது கை போன இடம்

கஸ்தூரி அக்கா மயிலாப்பூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். அவர் ஆபீஸில் டைப்ரைட்டரைத் தூக்கிவிட்டுக் கம்ப்யூட்டர் வைக்கப் போகிறார்கள். "உன் கைக்குப் பிடிச்சதை நீயே பார்த்துட்டு வா" என்று வக்கீல் அனுப்பியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் வருகிற மாதிரி வந்து உட்கார்ந்தார். ஸ்பிரிங் கீபோர்டில் விரலை வைத்ததுதான் தாமதம், தகரக் கொட்டகையில் மழை பெய்கிற மாதிரி சத்தம். எனக்கே பெருமையாக இருந்தது.

வரி முடிந்தது. டைப்ரைட்டரில் வரி முடிந்தால் இடது கையால் கம்பியைத் தள்ளி அடுத்த வரிக்குப் போக வேண்டும் அல்லவா? அக்காவின் இடது கை தானாக எழுந்து, பக்கத்தில் இருந்த ஸ்பீக்கரை ஒரே தள்ளாகத் தள்ளியது. பாய்ந்து பிடித்தேன். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்த வரியிலும் அதே தள்ளு. எதற்கு வம்பு என்று ஸ்பீக்கரை எடுத்து வலது பக்கம் வைத்தேன். மூன்றாவது வரி முடிந்ததும் கை எழுந்து காற்றைத் தள்ளிவிட்டு, அப்படியே நின்றுவிட்டது. அக்கா கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்தார்.

"ஸ்பீக்கரை இந்தப் பக்கமே வெச்சிடும்மா. அங்க ஒண்ணுமே இல்லன்னா கைக்கு ஏமாத்தமா இருக்கு."

தெருவுக்குக் கேட்கணும்

தேனாம்பேட்டையில் மைக் செட் வாடகைக்கு விடுகிற தனசேகர், பாலிடெக்னிக்கில் படிக்கிற மகளோடு ஸ்பீக்கர் வாங்க வந்தார். ஒரு ஜோடியை வைத்துப் பாட்டைப் போட்டேன். மனிதர் ஒரு வார்த்தை சொல்லாமல் மாடிப்படி இறங்கிப் போய்விட்டார். கோபமோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், எதிர்ப்பக்கம் டீக்கடை வாசலில் நின்று, 'இன்னும் ஏத்து, இன்னும் ஏத்து' என்று கையால் ஜாடை காட்டுகிறார். மைக் செட்காரர்கள் ஸ்பீக்கரைத் தெருமுனையில் நின்றுதான் எடை போடுவார்களாம். மகள் வெட்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மேலே வந்தவர், "கேக்கவே இல்லியேம்மா" என்றார். "ரூம்ல கேட்டா போதும்பா" என்றாள் மகள். "ரூம்ல கேக்கறதுக்கு ஸ்பீக்கரு எதுக்கு?" என்றார் அவர்.

அவர் அடுத்த ஜோடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் என்னிடம் மெதுவாகச் சொன்னாள், சின்ன வயதிலிருந்து குழாய் ஸ்பீக்கருக்கு அடியிலேயே நின்று நின்று அவருக்கு ஒரு காது போய்விட்டது, இன்னொன்று பாதி என்று. எனக்குக் கஷ்டமாகிவிட்டது. சின்னதாக மரப்பெட்டி போட்ட ஒரு ஜோடி இருந்தது. சத்தம் அதிகம் வராது, இனிமையாக வரும். அதைப் போட்டேன். பெண் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அப்பா ஸ்பீக்கரைப் பார்க்கவே இல்லை, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "இதயே கட்டும்மா" என்றார். "நீங்க கேக்கவே இல்லியே சார்?" என்றேன்.

"எனுக்குக் கேட்டு இன்னா ஆவப்போவுது? அது மூஞ்சியப் பாரு, எவ்ளோ சோக்கா கேட்டுக்கினு கீது."

மாமிக்குத் தெரியாமல்

கிருஷ்ணசாமி சார் மந்தைவெளிக்காரர். ரிட்டயர் ஆன பிறகு பத்திரிகைகளுக்கு 'ஆசிரியருக்குக் கடிதம்' எழுதுவதுதான் அவருடைய முழுநேர உத்தியோகம். சாக்கடை அடைப்பு, தெருவிளக்கு, நிற்காமல் போகும் பஸ் என்று எதையும் விடமாட்டார். அந்த வருஷம் இருதய ஆபரேஷன் ஆகி, சட்டையின் மேல் பட்டனுக்குக் கீழே தழும்பு தெரியும். ஒருநாள் காலையில், தன்னுடைய ஸ்பிரிங் கீபோர்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு படியேறி வந்தார். மேலே வந்ததும் மூச்சு வாங்கியது. நாற்காலியைப் போட்டேன்.

"மத்தியானம்தான் ஆத்துல அவ செத்த படுக்கற நேரம். நான் ஹால்ல உக்காந்துண்டு தடதடன்னு அடிக்கறேன். என் ஆபரேஷனுக்கு அப்புறம் பாவம் அவளுக்குத் தூக்கமே இல்லே. சத்தம் வராத கீபோர்டு இருக்கா?" என்றார். மாமிக்குச் சொல்லவில்லையாம், திடீரென்று கொண்டுபோய் வைக்கப் போகிறாராம். இருப்பதிலேயே சாதுவான ரப்பர் கீபோர்டை எடுத்து வைத்தேன். காதைக் கீழே கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாக அமுக்கிப் பார்த்தார். சின்னக் குழந்தை மாதிரி சந்தோஷம். பழையதை எங்களிடமே கொடுத்துவிட்டு, புதுசை மார்போடு அணைத்துக்கொண்டு போனார். பொருத்தமான பொருளைப் பொருத்தமான ஆளுக்கு விற்றோம் என்று எனக்கும் தலைகால் புரியவில்லை.

"இன்னிக்கு மத்தியானம் பாரு, அவ பாட்டுக்கு நிம்மதியாத் தூங்குவா."

ஹெட்போனில் ரகசியம்

அடையாறிலிருந்து ஒரு தம்பதி மகனுக்கு ஹெட்போன் வாங்க வந்தார்கள். கணவர் தலையில் மாட்டிவிட்டுப் பாட்டைப் போட்டேன். ஹெட்போன் மாட்டியவருக்குத் தன் குரல் கேட்காது. நமக்கெல்லாம் தெரிந்த விஷயம், அவருக்குத் தெரியவில்லை. மனைவி பக்கம் சாய்ந்து, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, கடை முழுக்க அதிரும்படி சொன்னார்: "இந்தப் பொண்ணு பார்க்க நல்ல மாதிரியா தெரியுது! நீ கொஞ்சம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கோ, தானா விலையைக் குறைச்சிடும்!"

பின்னறையில் பஷீர் பாய் சிரித்த சிரிப்பில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பில் புத்தகத்துக்குள் தலையை விட்டேன். அந்த அம்மாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல், கணவரின் ஹெட்போனை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு என்னிடம் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதம்மா. என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் 'எனக்குப் பிடிச்சிருக்கு'ன்னு இவர் இப்படித்தான் ரகசியமாச் சொன்னார்."

அப்புறம் எப்படிக் குறைக்காமல் இருப்பது?

எத்தனை தம்ளர் மோர்?

கிருஷ்ணசாமி சார் வாங்கிப்போன இரண்டு நாள் கழித்து, நல்ல வெயிலில், ஒரு மாமி ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் கூடை, கூடைக்குள் வெறும் காய்கறிப்பை. "மந்தைவெளி கிருஷ்ணசாமியோட ஆத்துக்காரி நான். காய் வாங்கப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அவரோட பழைய கீபோர்டைத் திருப்பிக் குடுத்துடு" என்றார். புதுசில் என்ன குறை மாமி என்று கேட்டேன். குறையே இல்லை, சத்தம் வரவில்லை என்றார். சத்தம் வராததுதான் மாமி அதன் சிறப்பு என்று நான் ஆரம்பித்தேன். மாமி உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, நிதானமாகச் சொன்னார்.

"அவருக்கு நெஞ்சு வலி வந்த அன்னிக்கு, அவர் ஹால்ல பேப்பர் படிச்சிண்டிருந்தார், நான் சமையல் உள்ளே இருந்தேன். சின்ன சத்தம்கூட இல்லே. காபி எடுத்துண்டு வந்தா, நாற்காலியிலே சாஞ்சு கிடக்கார். இன்னும் கொஞ்சம் தாமசம் ஆயிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. ஆத்துக்கு வந்தப்புறம் அந்த டக் டக்தான் எனக்கு உசிர். அது கேட்டுண்டே இருந்தா அவர் இருக்கார். அதைக் கேட்டுண்டுதான் மத்தியானம் கண்ணை மூடுவேன். சத்தம் நின்னா முழிப்பு வந்துடும், மோர் குடுக்கற சாக்குல போய்ப் பாத்துட்டு வருவேன். இப்போ சத்தமே இல்லே. நேத்திக்கெல்லாம் எத்தனை தம்ளர் மோர்தான் குடிப்பார், பாவம்?"

அவரிடமே சொல்லிவிடலாமே என்றேன். தன்னை நோயாளி மாதிரி காவல் காக்கிறாள் என்று தெரிந்தால் அவருக்குத் தாங்காதாம். அதோடு இது மாமிக்காக அவர் ஆசை ஆசையாக வாங்கிய பொருள். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சத்தம் எனக்குத் திரும்பி வரணும், ஆனா நான் கேட்டேன்னு அவருக்குத் தெரியப்படாது. நீதான் ஏதாவது பண்ணணும்."

பாய் சொன்ன பொய்

பின்னறைக்கு ஓடினேன். பழைய கீபோர்டைப் பஷீர் பாய் அதற்குள் பிரித்துப் போட்டிருந்தார். ஸ்பிரிங்கில் பாதியை வேறு கீபோர்டு ரிப்பேருக்கு எடுத்துவிட்டார். கதவுக்குப் பின்னால் எல்லாவற்றையும் கேட்டிருந்த பாய், "மாமியை ஆட்டோ ஏத்திவுடு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுத்தார். கடையில் கிடந்த செத்த கீபோர்டுகளிலிருந்து ஸ்பிரிங் தேடி ஒவ்வொன்றாக மாட்டினார். சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டார். சாயங்காலம் அதைத் தட்டிக் காட்டியபோது முன்பைவிடச் சத்தமாகவே இருந்தது.

மறுநாள் பாய் மந்தைவெளி வீட்டுக்குப் போய், "சும்மா செக் பண்ண வந்தேன் சார்" என்று ஆரம்பித்து, ரப்பர் கீபோர்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உச்சுக்கொட்டி, "உங்க கை அடிக்கிற அடிக்கு இந்த ரப்பர் ஒரு மாசம் தாங்காது சார், கிழிஞ்சிடும். உங்களுக்குப் பழசுதான் சரி" என்றாராம். கிருஷ்ணசாமி சார் பாயையும் பார்த்தார், சமையலறைப் பக்கமும் பார்த்தார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது. "சரி, பழசையே மாட்டிட்டுப் போங்கோ" என்றார். கடைக்குத் திரும்பி வந்து பாய் என்னிடம் சொன்னது:

"நான் பொய் சொன்னேன், அவரு நம்பிட்டாரு, அந்தம்மா ஒண்ணும் தெரியாத மாதிரி டீ கொண்டாந்து குடுத்தாங்க. மூணு பேர்ல யாரு நல்லா நடிச்சதுன்னு தெரியல தங்கச்சி."

மத்தியானக் கடிதங்கள்

சில மாதம் கழித்து கிருஷ்ணசாமி சார் ஃபிளாப்பி வாங்க வந்தார். முகம் தெளிந்திருந்தது, படியேறியும் மூச்சு வாங்கவில்லை. "என்ன சார், இப்பெல்லாம் பேப்பர்ல உங்க கடிதத்தையே காணோம்? மந்தைவெளியில சாக்கடை எல்லாம் சரியாயிடுச்சா?" என்று சீண்டினேன். சிரித்தார். பாய் பின்னறையில்தான் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ரப்பர் கிழியாதும்மா. அது எனக்குத் தெரியாதா? அந்தப் புதுசு இருந்தப்போ மத்தியானம் அவ படுக்கவே இல்லே. வந்து வந்து எட்டிப் பாத்துண்டிருந்தா. அப்பவே புரிஞ்சுபோச்சு. பாய் வந்து சொன்னதும் நம்பின மாதிரி இருந்துட்டேன். இப்போ சாப்பிட்டானதும் அவ சமையல் உள்ளே கோரைப்பாயைப் போட்டுண்டு படுப்பா. நான் ஆரம்பிச்சுடுவேன். நான் நிறுத்தினா அவ முழிச்சுப்பா. அதனால காபி நேரம் வரைக்கும் நிறுத்தறதில்லே."

"ஆபரேஷன் ஆனவர் நீங்க, மத்தியானம் நீங்கதானே சார் தூங்கணும்?" என்றேன். "நான் ராத்திரி சேத்துத் தூங்கிப்பேன்" என்றார். அந்த மனிதர் காலில் விழுந்து கும்பிடலாம் போல இருந்தது. நடுவில் கவுண்டர் இருந்ததால் ஃபிளாப்பியைத் துடைத்துக் கொடுத்தேன். "அப்படி மத்தியானம் முழுக்க என்னதான் சார் எழுதறீங்க?" என்று கேட்டேன்.

"எழுத என்ன இருக்கு? வாயில வந்ததைத் தட்டிண்டிருப்பேன், சாயங்காலம் எல்லாத்தையும் அழிச்சுடுவேன். அவ தூங்கணுமோல்லியோ!"

ஆகவே, கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் என் இனத்தாரே, சத்தம் வராத கீபோர்டு வேண்டும் என்று யாராவது வந்தால் உடனே எடுத்து நீட்டிவிடாதீர்கள், அந்த வீட்டில் தூங்க வேண்டியவர் யார் என்று ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு அப்புறம் பில் போடுங்கள்.