பன்வில பங்களாவின் டெய்ம்லர்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் அரூஸ், பழைய கார் வாங்கப் போகும்போது மட்டும் பொய் சொல்வார். மற்ற நேரங்களில் நேர்மையான மனுஷர். ஏலம் நடக்கும் இடத்தில் தனக்குப் பிடித்த காரையே ஒரு சுற்றுச் சுற்றி வந்து வாய்க்கு வந்தபடி திட்டுவார். "இது காரா, கோழிக்கூடா?" என்பார். கேட்டவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டிலில் நிற்கும் கார்கள் எல்லாமே இப்படி வசை வாங்கி வந்தவைதான்.

அவற்றில் ஒன்றுக்கும் அவர் புதுப் பெயின்ட் அடித்ததில்லை. பிரேக், வயர், டயர் என்று ஓடுவதற்கு வேண்டியதைச் செய்வார். அதற்கு மேல் கைவைக்க மாட்டார். மனைவி மஸீனாவுக்கு இது விளங்கவே இல்லை. "ஊருக்கெல்லாம் பெயின்ட் விக்கிறீங்க, சொந்தக் காருக்கு ஒரு டின் இல்லயா?" என்பார்.

பன்விலயில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களாவின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது அரூஸ் காலையிலேயே போய்ச் சேர்ந்தார். கதிரை, அலுமாரி எதிலும் கண் போகவில்லை. கொட்டகைக்குள் ஒரு கறுப்பு டெய்ம்லர் கார் நின்றது. வெள்ளைக்காரத் துரை விட்டுப்போனது. கம்பனியில் அடித்த பெயின்ட் அப்படியே இருந்தது. சிவப்புத் தோல் இருக்கைகள் வெடித்திருந்தனவே தவிர, யாரும் மாற்றவில்லை. பொனட்டின் மேல் மங்கிய வட்டங்கள். ஆயுத பூசை தோறும் தோட்டத்து இயந்திரங்களோடு இந்தக் காருக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். அவை பெயின்ட்டிலேயே ஊறிப்போய்விட்டன. இப்படி ஒன்றை அரூஸ் கண்டதே இல்லை.

பக்கத்தில் வந்து நின்றார் கண்டி ரமேஸ். கல்யாணங்களுக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர். எந்தக் கார் கிடைத்தாலும் வெள்ளை அடித்து ரிப்பன் கட்டிவிடுவார்.

"எப்படி நானா, தேறுமா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

"எங்க தேற? மேலெல்லாம் கறை. தேமல் புடிச்ச மாதிரி ஈக்கி. இரும்புக்குக்கூட ஒருத்தனும் எடுக்க மாட்டான்."

ரமேஸ் உதட்டைப் பிதுக்கினார். வேலை முடிந்தது என்று அரூஸ் பிளேன்டீ குடிக்கப் போனார்.

வாசலில் நின்ற வடிவம்மாவும் இதைக் கேட்டுவிட்டார். பங்களாவில் கூட்டித் துடைப்பவர். வருஷாவருஷம் அந்தப் பொட்டுகளை வைத்தது அவர் கைதான். தன்னால் அல்லவா கார் விலைபோகாமல் கிடக்கிறது என்று மனசு கேட்கவில்லை.

அரூஸ் திரும்பியபோது ஏலக்காரர் காரைச் சுற்றிக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார். வடிவம்மா சாம்பலும் தேங்காய் நாருமாக மட்காட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை அகலத்துக்குப் பளிச்சென்று வந்துவிட்டது. அந்த உற்சாகத்தில் பொனட்டுக்கு நகர்ந்தார்.

பேசாமல் இருந்தால் கார் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஆசைப்பட்ட கார் மிஞ்சாது. வாய் திறந்தால் ரமேஸ் விழித்துக்கொள்வார்.

"அம்மா! கைய எடுங்க! அல்லாவுக்காக அதத் தொடாதீங்க!"

கூட்டமே திரும்பியது. வடிவம்மா நாரும் கையுமாக நின்றார். "நீங்கதானுங்களே மொதலாளி கறைன்னு சொன்னீங்க?"

"சொன்னேன்மா. பொய் சொன்னேன்."

எல்லாரும் சிரித்தார்கள், ரமேஸைத் தவிர. "இரும்புக்குக்கூட ஆகாத வண்டிக்கு எதுக்கு நானா இந்தக் கூப்பாடு?"

ஏலம் தொடங்கியது. ரமேஸ் வீம்புக்கே ஏற்றினார். அரூஸ் மனதில் போட்டு வைத்திருந்த எல்லை தாண்டிப்போயிற்று. நடுவில் ரமேஸ் கையை இறக்கினார். "இப்பவாவது உண்மையச் சொல்லுங்க. அப்படி என்னதான் இருக்கு இதுல?"

ஏலத்தில் ஒரு காரைப் புகழ்வது அரூஸுக்கு அதுதான் முதல் தடவை. வார்த்தைகள் தடுமாறின.

"இதுக்கு இதுவரைக்கும் ஒருத்தனும் பெயின்ட் அடிக்கல்ல. இங்கிலாந்துல செஞ்ச கார், பன்விலயில பொட்டு வச்சிட்டு ஈக்கி. இப்படி வேற எங்க கிடைக்கும்? வெள்ள அடிச்சீங்கண்டா எல்லாம் போயிரும், தம்பி."

ரமேஸ் பொனட்டை ஒரு முறை நன்றாகப் பார்த்தார். "வெள்ள அடிக்கவும் கூடாது, தேய்க்கவும் கூடாது. இந்தக் கோலத்துல பொண்ணு மாப்பிள்ளைய ஏத்தினா என்னயத்தான் அடிப்பாங்க. நீங்களே எடுத்துக்கங்க நானா. ஒங்க பைத்தியத்தோட மல்லுக்கட்ட என்னால முடியாது."

நினைத்ததைவிட அதிகமாகத்தான் போயிற்று. அரூஸ் அதைப் பற்றி யோசிக்கும் நிலையில் இல்லை. வடிவம்மாவைக் கூப்பிட்டு, எந்தப் பொட்டு எப்போது வைத்தது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் யாருங்க ஞாபகம் வச்சிருக்கா? இந்த ஓரத்துல இருக்கறது கொரோனா வருஷம். கோயிலுக்குப் போக விடல. இதுக்கு மட்டும் வச்சேன்." பிறகு தயங்கி, "மட்காட்டக் கெடுத்துப்புட்டேனுங்களா?" என்றார்.

"அதுவும் இருக்கட்டும்மா."

சாயங்காலம் லொறியில் கார் வந்து இறங்கியது. மஸீனா சுற்றிப் பார்த்துவிட்டு, வடிவம்மா தேய்த்த இடத்தில் விரலை வைத்தார். "இந்த இடம் மட்டும் எவ்வளவு வடிவா ஈக்கி! முழுக்க இப்படிச் செய்ய ஏலாதா?"

"ஏலா," என்றார் அரூஸ். ஒரு கதிரையைக் கொண்டுவந்து காருக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டார். மஸீனா அவருக்குத் தேத்தண்ணியைக் கொட்டிலுக்கே கொண்டுவந்து கொடுக்க வேண்டியதாயிற்று.