கூடைக்குள் போன கப்பல்

மகனிடமிருந்து கடிதம் நேற்று சாயங்காலம்தான் வந்து சேர்ந்தது. நூற்பு இயந்திரப் படிப்புக்கென்று பம்பாயில் சீமைக்குக் கப்பலேறியவன். நடுவழியில் புயல் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அதன் பிறகு அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. சுகமாக இறங்கிவிட்டானாம், குளிர்தான் அதிகமாம். இன்று குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு ஒரு செம்புத் தண்ணீர் குடித்தார். அப்போதுதான் என் பெரியம்மா ஒரு கப்பலுக்குக் காத்திருந்தது ஞாபகம் வந்தது. அது நூறு வருஷத்துக்கு முந்திய கப்பல்.

முப்பதுகளில் பல்லடத்துக்குப் பக்கத்தில் எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தோம். பெரியப்பா பஞ்சாலை ஒன்றில் கணக்கெழுதுபவர். எங்கள் தெருவில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். ஆலை வேலையாகக் கொச்சிக்குப் போனவர், ஏலத்தில் பித்தளைப் பூண் போட்ட தேக்குப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே பொன் இருக்கும் என்று தெருவே கூடிவிட்டது. திறந்தால் கணக்குப் புத்தகங்கள். ஒரு காலத்தில் கொச்சியில் கிடங்கு வைத்து மிளகு வாங்கித் தன் நாட்டுக்கு அனுப்பிய அமெரிக்க வியாபாரியின் வரவு செலவு. பெரியப்பாவுக்குப் பெட்டி போதும், பெரியம்மாவுக்குக் காகிதம் போதும். மேலே கிடந்த இரண்டு புத்தகங்களை அன்றே ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து உரலில் இடித்து, கவிழ்த்த பானையின் மேல் அப்பி, பெரிய கூடை ஒன்று செய்துவிட்டார். மையெல்லாம் கரைந்து கூடை நீலமாக இருந்தது. மிளகாய் வற்றல் போட்டுவைக்க அருமையான கூடை.

மிச்சமிருந்ததில் ஒன்றைப் பெரியப்பா பொழுதுபோக்காகப் படிக்க ஆரம்பித்தார். பெண்கள் வாசலில் நிலக்கடலை உரிக்க, அவர் தமிழில் சொல்லிக்கொண்டே போவார். மிளகு இத்தனை மூட்டை, கயிறு இத்தனை, ஆணி ஒரு பீப்பாய். எல்லோரும் கொட்டாவி விட்டார்கள். ஒரு நாள் கணக்கின் அடியில் வேறொன்று வந்தது. வியாபாரியின் மகன் ஊரிலிருந்து கப்பலில் புறப்பட்டுவிட்டானாம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாள் கணக்கும் ஒரே மாதிரி முடிந்தது: கப்பலைப் பற்றிச் சேதி இல்லை.

கொட்டாவி நின்றது. மறுநாள் காலையில் எதிர்வீட்டு அக்கா, கிணற்றடியில் குடத்தை இறக்கும் முன்பே, "ஏனுங்க்கா, கப்பலு வந்துருச்சுங்களா?" என்றார். ஒரு வாரத்தில் பால்காரர்கூடக் கேட்கத் தொடங்கினார். பெரியம்மா மாகாளியம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டார்.

பெரியப்பா சிரித்தார். "நூறு வருசத்துக்கு முந்துன கப்பலுக்கு இப்ப வேண்டி என்ன அம்மிணி ஆகப்போகுது?"

"அம்மனுக்கு அன்னைக்கு இன்னைக்குன்னு உண்டுங்களா? நீங்க படியுங்க."

பெரியம்மாவின் மகன், எங்கள் அண்ணன், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பினாங்குக்குப் போயிருந்த வருஷம் அது. போனவன் கடிதம் போடவில்லை. அவன் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை. எனக்கு அதில் ஒரே ஒரு வருத்தம்தான். அவனுக்குப் பிடித்த பண்டம் என்பதால், அவன் போன நாளிலிருந்து பெரியம்மா அரிசிமாவும் வெல்லமும் பிசைந்து எண்ணெயில் கச்சாயம் சுடுவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு சாயங்காலம் புத்தகம் முடிந்தது. கடைசி வரியும் சேதி இல்லை என்றே இருந்தது. அடுத்த புத்தகத்துக்காகப் பெரியப்பா பெட்டியைக் குடைந்தார். இருந்ததெல்லாம் அதற்கு முந்திய வருஷங்கள். மெதுவாகத் திரும்பி, சுவரோரம் இருந்த நீலக் கூடையைப் பார்த்தார். எல்லோரும் பார்த்தோம்.

"கூடையைக் காதுல வெச்சுக் கேளுங்க்கா, கப்பலு வார சத்தம் கேக்கும்" என்றார் எதிர்வீட்டு அக்கா. வாசலே சிரித்தது. நான் நிஜமாகவே கூடையில் காதை வைத்தேன். மிளகாய் நெடியில் தும்மல்தான் வந்தது.

பெரியம்மா சிரிக்கவில்லை. "என்ற கையாலயே இடிச்சுப்போட்டனே" என்றார். மிளகாயைத் தரையில் கொட்டிவிட்டு, கூடையைத் துடைத்துக் கொண்டுபோய்ச் சாமி அறையில் வைத்தார். அன்றைக்கும் சாப்பிடவில்லை, மறுநாளும் சாப்பிடவில்லை. ஒரு கூடைக்கு இவ்வளவா என்று அம்மாவிடம் கேட்டேன். வாயை மூடு என்றார்.

மூன்றாம் நாள் ஆலையிலிருந்து வந்த பெரியப்பா, சட்டையைக்கூடக் கழற்றாமல் படித்து முடித்த புத்தகத்தை எடுத்தார். "அம்மிணி, இங்க வா. கடைசியில ரெண்டு ஏடு ஒட்டிக்கிட்டு இருந்திருக்குது, நான் பாக்கவே இல்லை."

பெரியம்மா ஓடி வந்தார். நான் பெரியப்பாவின் முதுகில் தொற்றிக்கொண்டேன்.

"கப்பல் வந்துருச்சு" என்று படித்தார் பெரியப்பா. "பாய்மரம் ஒண்ணு முறிஞ்சு போனதுல நாளாயிருச்சாமா. பையன் சொகமா எறங்கிட்டான். தாடி வளத்தியிருக்கறான். அப்பங்காரன் கோவத்துல பேசுனதையெல்லாம் மறந்துட்டானாமா." விரலை ஏட்டில் சற்றுக் கீழே நகர்த்தினார். "எறங்குனதும் கச்சாயம் இருக்குதான்னு கேட்டானாமா."

பெரியம்மா முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். "அவீக ஊர்லயும் கச்சாயம் உண்டுங்களா?"

"அது அமெரிக்காக் கச்சாயம். நீ போய் நம்மூருக் கச்சாயத்தைச் சுடு."

அன்று தெரு முழுக்கக் கச்சாயம் போனது. பால்காரர் கப்பலை விசாரித்துவிட்டு நான்கு தின்றார். வெள்ளிக்கிழமை மாகாளியம்மனுக்குப் பொங்கலும் வைத்தாயிற்று. அடுத்த வருஷம் அண்ணன் தாடியோடு வந்து இறங்கியபோது, பெரியம்மா ஆச்சரியமே படவில்லை.

பெரியப்பாவின் தோளுக்கு மேலாக நானும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அதில் ஓர் எழுத்தும் இல்லை. பழுப்பேறிய வெறும் தாள், ஓரத்தில் கொஞ்சம் ஈரக்கறை, அவ்வளவுதான். எனக்கு அது விசித்திரமாகவே படவில்லை. இங்கிலீஷ் நன்றாகப் படித்தவர்களுக்கு எழுதாத பக்கத்தையும் படிக்க வரும் போலிருக்கிறது என்று நினைத்து, வாயில் கச்சாயத்தோடு, என்னையும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சொல்லி அன்றே அடம்பிடிக்க ஆரம்பித்தேன்.