இன்ஷிராஹ் அக்காவின் எண்கள்

ரத்த அழுத்தம் பார்க்க இடது கையில் பட்டையைச் சுற்றி நான் காற்றடிக்கத் தொடங்கியதுமே இன்ஷிராஹ் அக்கா எண்களைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். "ரொட்டிக்கடை அறுவத்திரெண்டு. பஞ்சாலை நூத்திநாலு. பாதிரியார் வீடு இருநூத்திப் பதினொண்ணு..." பாதரசம் இறங்கி முடிவதற்குள் பழைய தமன்ஹூர் நகரம் முழுவதும் என் மருந்துக்கடைக்குள் வந்துவிடும்.

டெலிபோன் ஆபீஸில் இருபத்தெட்டு வருடம் கம்பி செருகி ஊரைப் பேசவைத்தவர். என் சிறுவயதில் ஒருமுறை, கம்பி செருகும் அந்த இணைப்புப் பலகையை எனக்குக் காட்டினார். "மூணாவது வரிசைல கடைசி ஓட்டை பாரு, அதான் உங்க வீடு." வியாழக்கிழமைகளில் லிபியாவிலிருந்து அப்பா கூப்பிடுவார். "அழுதுட்டே பேசாதீங்க, நிமிஷம் வீணாப்போகுது" என்று இடையில் புகுந்து அம்மாவை அதட்டுவார் அக்கா. அந்தக் குரலுக்காகவே அந்த வியாழக்கிழமைகள் மறுபடி வராதா என்றிருக்கிறது.

கைபேசியில் பெயர்களைப் பதிந்துவைக்கமாட்டார். "பேரை அமுக்கினா ஆள் வந்துருமாம். அப்ப தலை எதுக்கு, மருதாணி வெக்கவா?"

மத்தியானமானால் பித்தளைத் தட்டுகளைத் தட்டிக்கொண்டு சாறு விற்கும் ஸக்கி வருவான். அவனிடம் ஒரு பெரிய கிளாஸ் கறுத்த அதிமதுரச் சாறு வாங்கிக் குடிப்பார். "வயித்துப்புண்ணுக்கு நல்லதுக்கா, நிறையக் குடிங்க" என்று சொன்னவன் நான்தான். ஊரே அப்படி நம்புகிறது, சரி. மருந்து படித்த எனக்குப் புத்தி எங்கே போயிற்று?

மூன்று மாத்திரைக்கும் ரத்த அழுத்தம் மசியவில்லை. போன குளிர்காலத்தில் அக்காவின் நினைவிலிருந்து ரொட்டிக்கடை எண் காணாமல் போனது. பிறகு பஞ்சாலை. அலெக்ஸாந்திரியா டாக்டர் காரணத்தைக் கண்டுபிடித்தார். சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி, உடம்பில் உப்பைப் பிடித்துவைக்கும் ஹார்மோனை அளவுமீறிச் சுரக்கிறது. வயிற்றுக்குள் போகும் அதிமதுரமும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்கிறது. வருடக்கணக்கான அழுத்தத்தில் மூளையின் மெல்லிய ரத்தக்குழாய்கள் தடித்துக் குறுகிவிட்டன. ஸ்கேன் படத்தில் அங்கங்கே சின்னப் புள்ளிகள் தெரிந்தன. போனது போனதுதான், சுரப்பிக்கு மருந்து தந்து மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார்.

அக்காவுக்குப் புரியாமலில்லை. "மெயின் லைன் நல்லாத்தான் இருக்கு. வீட்டுக்கு வீடு போற சின்னக் கம்பிதான் அறுந்துபோச்சு. அப்படித்தானே தம்பி?"

"நான்தான்க்கா குடிக்கச் சொன்னேன்."

"நீ சொல்லாட்டியும் குடிச்சிருப்பேன். மூஞ்சியத் தூக்கிவெச்சுக்காதே."

நேற்று அளவு பார்க்க வந்திருந்தபோது வாசலில் தட்டுச் சத்தம் கேட்டது. "அக்கா, உங்க கிளாஸ்!"

"போடா ஸக்கி! உன் சத்தத்துலயே எனக்கு பிரஷர் ஏறுது." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் தைரியத்தில் கேட்கக்கூடாததைக் கேட்டுவிட்டேன்.

"எங்க வீட்டு நம்பர் என்னக்கா?"

உதடுகள் அசைந்தன. எண் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். சற்றுப் பொறுத்து அவருடைய வலது கை மெல்ல எழுந்தது. இல்லாத கம்பி ஒன்றை இழுத்து, மேலிருந்து ஒன்று, இரண்டு என்று இறங்கி, மூன்றாவது வரிசையின் கடைசிக்குப் போய், காற்றில் அழுத்திச் செருகியது.